இழையோடு இழை பொருந்த

நுழையும்முன்

ஒருவர் உடலின் அணு மற்றொருவர் உடலில் வேரூன்றி உயிர்காக்கும் அருமையைக் குருத்தணு மாற்று மருத்துவம் நிகழ்த்துகிறது. அதனைத் தமிழ்மண்ணில் நிலைபெறச் செய்த மருத்துவர் ஒருவரின் பணியை விளக்குகிறது இப்பாடம்.

ஆரணிப் பட்டுத்தறியில் ஒரு பாவு நெய்து முடியும் தறுவாயில், புதிய பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைமுனைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பர். இழைகள் முறை மாறினால் நெசவில் பிழை தெரிந்துவிடும். ஆரணியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், மருத்துவர் மாம்மன் சாண்டி 1986ஆம் ஆண்டு தொடங்கிய மருத்துவமும் பொருத்தத்தையே உயிர்நாடியாகக் கொண்டது.

குருத்தணுவும் குருதிப் புற்றும்

எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் குருத்தணுக்கள் வாழ்கின்றன. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றும் இவற்றிலிருந்தே தோன்றுகின்றன. முதிர்ச்சியடையாத வெள்ளையணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமற் செய்வதே குருதிப் புற்று. குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. உடல் வெளிறுதல், ஓயாத காய்ச்சல், காரணமின்றித் தோன்றும் கன்றல்கள் ஆகியன இதன் அறிகுறிகள்.

குழந்தைகளுள் பெரும்பாலோர் மருந்துகளாலேயே நலம் பெறுகின்றனர். நோய் மீண்டும் தலைதூக்கும்போதும், மருந்துக்கு அடங்காதபோதும் குருத்தணு மாற்று தேவைப்படுகிறது. முதலில், வீரியமிக்க மருந்துகளால் நோயுற்ற மஜ்ஜை அழிக்கப்படுகிறது. பின்னர்க் கொடையாளரின் குருத்தணுக்கள், குருதி ஏற்றுவதுபோலவே நரம்பின்வழிச் செலுத்தப்படுகின்றன. அவை தாமே எலும்புகளைச் சென்றடைந்து, சில வாரங்களில் புதிய குருதியணுக்களை உருவாக்குகின்றன. அதுவரை நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தை, தூய காற்று நிறைந்த தனியறையில் காக்கப்படுகிறது.

பொருத்தம்

அணுக்களின் மேற்பரப்பில் 'எச்.எல்.ஏ.' எனப்படும் அடையாளங்கள் உள்ளன. இவை பொருந்தாவிடில், புதிதாக வந்த அணுக்கள் நோயாளியின் உடலையே பகையாகக் கருதித் தாக்கும். இவ்வடையாளங்களுள் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருவதால், உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே.

இவ்வடையாளங்களுள் முதலாவதைப் பிரான்சு நாட்டின் ஜான் தோசே 1958இல் கண்டறிந்தார். 1950களில் அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் மேற்கொண்ட தொடக்க முயற்சிகளில் நோயாளிகள் பலர் உயிரிழந்தனர். ஆயினும் ஆய்வைக் கைவிடாத அவர், 1990இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், சுரேஷ் அத்வானி குழுவினர் குருதிப் புற்றுடைய சிறுமி ஒருத்திக்கு இம்மருத்துவம் செய்தனர். மூன்றாண்டுகளுக்குப் பின் வேலூரில், தலசீமியா என்னும் மரபுவழிக் குருதிநோயுற்ற குழந்தைக்குச் சாண்டி மஜ்ஜை மாற்றினார்.

எளியோர்க்கும் எட்டும் மருத்துவம்

அணுப் பொருத்தம் கிடைத்தாலும் பொருள்வளம் பொருந்துவதில்லை. நெசவுக்கூலியை நம்பி வாழும் குடும்பத்திற்கு இம்மருத்துவச் செலவு பெருஞ்சுமை. எனவே, செலவு குறைந்த வழிகளையும் வேலூர்க் குழுவினர் ஆராய்ந்தனர். 'ஏ.பி.எல்.' என்னும் ஒருவகைக் குருதிப் புற்றுக்குச் சீன மருத்துவர்கள் பயன்படுத்திய ஆர்சனிக் டிரை ஆக்சைடை, வேறு மருந்தின்றித் தனியே அளித்தனர். நாம் வெள்ளைப் பாடாணம் என்று அஞ்சும் நஞ்சே அது. 1998 முதல் 2004 வரை மருத்துவம் பெற்ற 72 பேருள் ஏறத்தாழ 86 விழுக்காட்டினரிடம் நோய் முற்றிலும் தணிந்ததென விக்ரம் மேத்யூஸ், சாண்டி முதலியோர் 2006இல் வெளியிட்டனர். சாண்டிக்கு 2019இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கொடையாளர் கடமை

குடும்பத்தில் பொருத்தம் அமையாத குழந்தைக்கு முன்பின் அறியாத ஒருவரே துணை. மரபுவழி நெருக்கமுடைய மக்களிடையே பொருத்தம் அமையும் வாய்ப்பு மிகுதி. ஆதலால் நம் குழந்தைகளுக்கு நம்மவரின் பதிவு இன்றியமையாதது. சென்னையில் 2009இல் தொடங்கப்பட்ட 'தாத்ரி' போன்ற பதிவகங்கள் இதற்கு உதவுகின்றன. பதினெட்டு வயது நிறைந்தோர், கன்னத்தின் உட்புறத்தை வருடி எடுக்கும் மாதிரியை அளித்துப் பதிவு செய்துகொள்ளலாம். கொடுத்த குருத்தணுக்கள் சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

அறுந்துபோக இருந்த ஓர் இளம் உயிரின் இழையோடு பிணையத்தக்க இழை, இன்று பள்ளியில் பயிலும் ஒருவரிடமும் இருக்கலாம்.