சார்லஸ் எம். ஷுல்ஸ் (1922–2000)
ஒரே கரம் தீட்டிய அரை நூற்றாண்டு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு நாவிதரின் ஏக புத்திரராகப் பிறந்து, தபால் மூலம் சித்திரக் கலை பயின்று, இரண்டாம் உலக யுத்தத்தில் ராணுவ சேவை புரிந்து திரும்பிய ஷுல்ஸ், 1950 அக்டோபர் 2 அன்று ஏழு பத்திரிகைகளில் ஆரம்பித்த ‘பீனட்ஸ்’ சித்திரத் தொடர், அவருடைய அந்திம காலத்தில் 75 தேசங்களில் சுமார் 2,600 பத்திரிகைகளில் பிரசுரமாகிக்கொண்டிருந்தது.

ஓவியரிடமிருந்து மூலச் சித்திரத்தைப் பெற்று, அதன் பிரதிகளைச் சந்தா செலுத்தும் பத்திரிகைகளுக்கெல்லாம் அனுப்பி, வருமானத்தை அவருடன் பகிர்ந்துகொள்ளும் ‘சிண்டிகேட்’ என்னும் விநியோக ஸ்தாபனமே இதைச் சாத்தியமாக்கியது. தொடருக்கு ‘பீனட்ஸ்’ என்று நாமகரணம் செய்ததும் அந்த ஸ்தாபனமே. ஷுல்ஸுக்கோ அப்பெயர் கடைசிவரை பிடிக்கவில்லை. ஆரம்பத்தில் சித்திரத்தின் நான்கு கட்டங்களும் சம அளவில் அமைந்ததற்குக் காரணம், பக்கத்தில் கிடைக்கும் இடத்துக்கேற்ப அவற்றைக் கிடையாகவோ, நெடுக்காகவோ, சதுரமாகவோ பத்திரிகாசிரியர் அடுக்கிக்கொள்ள வேண்டும் என்பதே.

பிரபல ஓவியர் பலர் உதவியாளரை அமர்த்திக்கொண்ட காலத்தில், கற்பனை, பென்சில் கோடு, மை, எழுத்து யாவற்றையும் ஷுல்ஸ் தாமே செய்தார். தாம் விரும்பிய எஸ்டர்புரூக் பேனா முள்ளின் உற்பத்தி நின்றபோது, எஞ்சிய இருப்பை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டார். பிற்காலச் சித்திரங்களில், தொடரின் நாயகனான சிறுவன் சார்லி பிரவுனின் உருண்டைத் தலையைச் சுற்றிவரும் கோடு சற்றே அதிர்ந்து செல்வதைக் காணலாம். அது அவர் கரத்தில் கண்ட நடுக்கத்தின் அடையாளம்.

மொத்தம் 17,897 சித்திரங்களில் இறுதியான ஞாயிற்றுச் சித்திரம் 2000 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. அதற்கு முந்திய இரவுதான் அவர் காலமானார். பிறர் எவரும் தொடரை வரையலாகாது என்ற நிபந்தனைப்படி, அவருடைய பழைய சித்திரங்களே இன்றும் பத்திரிகைகளில் மறுபிரசுரமாகின்றன.