சிங்கக் கொடியும் இரு பட்டைகளும்

ஹந்தானை மலையின் அடிவாரத்தில் பரந்து கிடக்கும் கண்டி மாநகருக்கும் நமது தேசியக் கொடிக்கும் நெருங்கிய தொடர்புண்டு. கொடியின் நடுவே வாளேந்தி நிற்கும் சிங்கம், அந்நகரிலிருந்து ஆட்சி புரிந்த கடைசி மன்னனின் கொடியிலிருந்து பெறப்பட்டதாகும். ஆண்டுதோறும் சுதந்திர தினத்தில் அக்கொடியை ஏற்றும் நாம், அதன் வரலாற்றையும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

1815ஆம் ஆண்டு பெப்ரவரியில் பிரித்தானியரிடம் சிறைப்பட்ட ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழிவந்தவன். வேலூர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டு 1832இல் மறைந்தான். இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவனது கொடி, இலண்டன் செல்சியிலுள்ள முதிய படைவீரர் இல்லத்தில் நெடுங்காலம் இருந்தது. அதனைத் தேடிக் கண்டறிந்து மக்களுக்கு அறியத்தந்தவர், 1916இல் சிங்களக் கொடிகள் பற்றி நூல் எழுதிய ஈ. டபிள்யூ. பெரேரா.

1948 ஜனவரி 16ஆம் திகதி, அக்கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக ஏற்கவேண்டுமெனப் பிரதிநிதிகள் சபையில் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் ஏ. சின்னலெப்பை. ஆக, கொடிக்குரிய மன்னன் தென்னிந்திய வழியினன். அதனை மீட்கக் கோரியவரோ ஒரு முஸ்லிம். சிங்கம் ஓரினத்துக்கு மட்டுமே உரியதென வாதிடுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

எனினும் சிறுபான்மையோரின் ஐயங்கள் அப்போதே எழுந்தன. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமையிலான குழுவில் டி. பி. ஜாயா, ஜீ. ஜீ. பொன்னம்பலம், செனட்டர் எஸ். நடேசன் ஆகியோரும் இடம்பெற்றனர். தமிழருக்குச் செம்மஞ்சளும் முஸ்லிம்களுக்குப் பச்சையுமாக இரு பட்டைகளைச் சேர்க்கும் இணக்கம் அங்கேயே பிறந்தது. நடேசன் உடன்படவில்லை. 1951 மார்ச் 2ஆம் திகதி கொடி ஏற்கப்பட்டது. 1972இல் நான்கு மூலைகளிலும் அரசிலைகள் சேர்ந்தன.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டுவது நமது கடமையாகும். குழு நியமிக்கப்பட்ட அதே 1948ஆம் ஆண்டில்தான் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் நிறைவேறியது. ஹந்தானை உள்ளிட்ட மலையகத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் அதனால் நாடற்றவராயினர். தமிழருக்கெனக் கொடியில் ஒரு பட்டை கிடைத்தபோது, அவர்களுக்கு நாட்டிலேயே இடமிருக்கவில்லை. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது.

அந்தப் பட்டைகளையும் பொறுக்காதோர் உளர். 2015ஆம் ஆண்டு கொழும்பில் நடந்த ஆர்ப்பாட்டமொன்றில் பட்டைகளற்ற சிங்கக் கொடிகள் ஏந்தப்பட்டன. அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரை ஏற்கும் தேசியக் கொடி அதுவன்று.

சின்னத்திலிருந்து சிலரை நீக்குவது எதன் அறிகுறி என்பதற்கு ஜேர்மனி சான்று பகரும். அங்கு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூராட்சிப் பிரிவுகள் உள்ளன. சிற்றூர்கள்கூட ஆலைச் சக்கரம், கதிர், ஊரின் புனிதர் எனத் தத்தமது சின்னத்தைப் பேணுகின்றன. கோபுர்க் நகரின் சின்னம் கறுப்பினப் புனிதரான மொரிசியஸின் தலையாகும். 1934இல் நாசிகள் அதனை அகற்றி, சுவஸ்திகா பொறித்த வாளை வைத்தனர். 1945இல் அவர்கள் வீழ்ந்ததும் புனிதர் மீண்டார்.

பல சின்னங்கள் இருப்பது பிரிவினையாகாது என்பதைக் கண்டி இராச்சியமே உணர்ந்திருந்தது. அதன் திசாவைகளுக்குத் தனித்தனிக் கொடிகள் இருந்தன. நான்கு கோறளைக்குச் சூரிய சந்திரரும், ஊவாவுக்கு அன்னமும் சின்னங்களாயின. அவை யாவும் ஒரே மன்னனின் கீழ் பறந்தன.

நமது மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் இதிலிருந்து பாடம் கற்கலாம். அவற்றின் சின்னங்களில் அங்கு வாழும் அனைவரும் தம்மைக் காண வேண்டும். அதனினும் முக்கியம், சின்னத்தில் தரப்பட்ட இடம் சட்டத்திலும் அன்றாட வாழ்விலும் கிடைப்பதாகும். பட்டைகளின் சாயம் வெளுத்தால் மீண்டும் தோய்த்துக்கொள்ளலாம். அவை அளித்த வாக்குறுதி வெளுத்துவிட இடமளித்தலாகாது.