ஸ்திரீ டாக்டர்களின் அயர்ச்சி

1875-ம் வருஷத்தில் சென்னை வைத்தியக் கலாசாலை நான்கு பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது. இங்கிலாந்திலேயே பெரிய கலாசாலைகள் பெண்களுக்கு இடமளிக்க மறுத்துவந்த காலம் அது. 1912-ல் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அங்கே பட்டம் பெற்றார். இன்று நம் தேசத்து வைத்தியக் கலாசாலைகளில் கற்பவரிலும் கற்பிப்பவரிலும் ஸ்திரீகள் ஏராளம். கதவு திறந்ததோடு நம் கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டோம். உள்ளே சென்றவர்களின் க்ஷேமத்தை விசாரித்தவர் எத்தனை பேர்?

போதனா வைத்தியசாலையில் உத்தியோகம் பார்க்கும் பெண்ணுக்கு வேலை ஒன்றல்ல, மூன்று. நோயாளிகளைக் கவனிக்க வேண்டும். மாணவர்களுக்குப் போதிக்க வேண்டும். பதவி உயர வேண்டுமானால் ஆராய்ச்சிக் கட்டுரைகளும் எழுதியாக வேண்டும். முதலிரண்டும் பகலை விழுங்கிவிடுகின்றன. மூன்றாவதற்கு மிஞ்சுவது இரவு. அவ்விரவையோ அடுப்பும் குழந்தையும் கேட்கின்றன. அதே இரவில் சக உத்தியோகஸ்தரான ஆண் தமது கட்டுரையை முடித்துவிடுகிறார். பின்தங்கிய பெண்ணுக்கு ஊக்கம் போதாதென்று வியாக்கியானம் செய்வாரும் உளர்!

2019-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இவ்வயர்ச்சியின் லக்ஷணங்களை வரையறுத்தது. சக்தியெல்லாம் வற்றிப்போதல், தொழிலில் கசப்பும் விலகலும், தன் வேலைத்திறன் குன்றியதென்ற உணர்ச்சி ஆகிய மூன்றே அவை. அது வியாதியன்று, வேலை ஸ்தலத்தின் தீராத நெருக்கடியால் விளைவது என்றும் தெளிவாகக் கூறிற்று. அப்படியிருக்க, அயர்ந்தவரை யோகாசனம் பழகச் சொல்வது, சுமையை இறக்காமலே கூலியாளுக்கு விசிறுவது போலாம்.

விதிக்குப் பஞ்சமில்லை. இளநிலைப் பயிற்சி டாக்டர்களின் வேலை சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி, ஒரே தொடர்ச்சியாக 12 மணிக்கு மேற்படலாகாது என்று மத்திய சர்க்கார் 1992-லேயே உத்தரவிட்டது. 2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி. கர் கலாசாலையில் கொலையுண்ட பெண் டாக்டரோ 36 மணி நேர வேலையில் இருந்தவர் என்று சுப்ரீம் கோர்ட்டு குறிப்பிட்டது. கண்ணயர அவருக்குக் கிடைத்தது ஒரு கருத்தரங்க அறை. அதே வருஷம் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழுவொன்று, வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாமென்று சிபார்சு செய்தது. நாற்பத்தெட்டு எழுபத்துநான்காயிற்று, அதுவும் சலுகையாக!

புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கலாசாலையும் தன் டாக்டர்களின் வேலை நேரக் கணக்கை மாதந்தோறும் பகிரங்கமாக வெளியிடட்டும். இரவு வேலையிலுள்ள பெண்களுக்குத் தாழ்ப்பாளுள்ள ஓர் ஓய்வறை தரட்டும். பெண்களை முதலில் சேர்த்துக்கொண்ட சென்னையே இதையும் தொடங்கலாம்.