மியூவானை வளைக்கும் காந்தம்

நீங்கள் இதைப் படிக்கும் இந்நேரத்திலும் மியூவான்கள் உங்கள் உள்ளங்கையைத் துளைத்துச் செல்கின்றன. காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதுவதால் பிறக்கும் துகள்கள் இவை. தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்று வீதம் விழுகின்றன. இவற்றுள் சில நேர்மின்னூட்டம் உடையவை. மற்றவை எதிர்மின்னூட்டம் உடையவை. கண்ணுக்குத் தெரியாத துகளில் இதை எப்படிக் கண்டறிவது?

காந்தப்புலத்தின் குறுக்கே அதை ஓடவிட வேண்டும். அசையாமல் இருக்கும் மின்னூட்டத்தின் மீது காந்தவிசை இல்லை. புலத்தின் திசையிலேயே ஓடினாலும் இல்லை. செங்குத்தாகக் குறுக்கிட்டால்தான் விசை மிக அதிகம். அப்போது,

விசை = மின்னூட்டம் × வேகம் × காந்தப்புலம்

இதன் திசையை ஃபிளெமிங்கின் இடக்கை விதி தரும். மதுரையில் புவிக்காந்தப்புலம் ஏறக்குறையக் கிடையாக, வடக்கு நோக்கி இருக்கிறது. இடக்கைச் சுட்டுவிரலை வடக்கேயும் நடுவிரலைக் கீழேயும் நீட்டுங்கள். கட்டைவிரல் கிழக்கைக் காட்டும். ஆகவே, மேலிருந்து விழும் நேர்மின் மியூவான் கிழக்கே வளையும். எதிர்மின் மியூவான் மேற்கே வளையும்.

இந்த விசை எப்போதும் துகளின் பாதைக்குச் செங்குத்தானது. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லைக் கயிறு இழுப்பது போல, திசையை மாற்றுமே தவிர வேகத்தைக் கூட்டாது, குறைக்காது.

புவிக்காந்தப்புலம் மிக வலுக்குறைந்தது. 300 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய மியூவானை அது ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில்தான் வளைக்கும். 1.4 டெஸ்லா புலத்திலோ அந்த ஆரம் 7 மீட்டர்தான்!

மதுரையில் இந்திய நியூட்ரினோ ஆய்வுத் திட்டத்தினர் அமைத்து, 2018ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 85 டன் கருவியில் இத்தகைய புலம் உண்டு. 4 மீட்டர் சதுரமும் 5.6 சென்டிமீட்டர் தடிப்பும் கொண்ட இரும்பு அடுக்குகள் 11. அவற்றைச் சுற்றிச் செப்புச் சுருள்கள். அடுக்குகளின் இடைவெளிகளில், இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வாயு நிரப்பிய உணர்கருவிகள் மியூவான் கடந்த இடத்தைக் குறிக்கின்றன. புள்ளிகளை இணைத்தால் வளைவு தெரியும்.

எதற்காக இவ்வளவு முயற்சி? மியூவான்-நியூட்ரினோ இரும்பில் மோதினால் எதிர்மின் மியூவானும், அதன் எதிர்த்துகள் மோதினால் நேர்மின் மியூவானும் தோன்றும். பூமியைத் துளைத்து வரும்போது இவ்விரு நியூட்ரினோ வகைகளும் வேறுவேறாக மாறுகின்றன. அவற்றைத் தனித்தனியே எண்ணினால், மூன்று நியூட்ரினோக்களின் நிறைகள் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்பதை அறியலாம். இதற்கெனத் தேனி மாவட்டப் பொட்டிபுரத்தில், மலைக்குள் 50,000 டன் கருவி ஒன்று திட்டமிடப்பட்டது. சுற்றுச்சூழல் குறித்த எதிர்ப்புகளாலும் வழக்குகளாலும் திட்டம் தடைப்பட்டது. மதுரைக் கருவி அதன் சிறிய மாதிரியே.

இப்போது ஒரு கேள்வி. பூமியைத் துளைத்த நியூட்ரினோவினால் தோன்றி, கீழிருந்து மேலே வரும் நேர்மின் மியூவான் மதுரையில் எத்திசையில் வளையும்? விரல்களை நீட்டிப் பாருங்கள்: மேற்கே! மேலிருந்து விழும் எதிர்மின் மியூவானும் மேற்கேதான் வளைந்தது. எனவே வளைவு மட்டும் போதாது. எந்த அடுக்கை முதலில் கடந்தது என்பதும் தெரிய வேண்டும். அதனால்தான் உணர்கருவிகள் இடத்துடன் நேரத்தையும் நானோவினாடிக் கணக்கில் பதிவு செய்கின்றன.