உடல் பருமன்: அன்றாட நடமாட்டம் எவ்வளவு உதவும்?

ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை என்பவர்களுக்கு என்ன வழி? நடந்தால் உண்மையிலேயே எடை குறையுமா? காஞ்சிபுரம் செவிலிமேட்டை முன்வைத்து ஒரு பார்வை.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்துக்கு நாலு பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல். 2015-16 ஆய்வில் இது முறையே 30.9, 28.2 சதவீதமாக இருந்தது. அகில இந்திய அளவில் பெண்கள் 24 சதவீதம், ஆண்கள் 22.9 சதவீதம்தான். நாம் நாட்டின் சராசரியைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டோம்.

சாப்பாடு இதற்கு ஒரு பெரிய காரணம். அதைப் பற்றி நிறையவே பேசுகிறோம். அதிகம் பேசாத இன்னொரு காரணம், நம் உடம்பு ஒரு நாளில் எவ்வளவு அசைகிறது என்பது.

எனக்கு உடல் பருமன் இருக்கிறதா?

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை, 25 என்றால் பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 59 கிலோவைத் தாண்டும்போதே கவனிக்கத் தொடங்க வேண்டும். 64 கிலோ வந்தால் பருமன்.

இதைவிட எளிய கருவி தையல்காரரின் டேப். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. நம்மில் பலருக்குக் கை, கால் ஒல்லியாக இருக்கும், தொப்பை மட்டும் தனியாக முன்னால் நிற்கும். வயிற்றுக்குள் சேரும் அந்தக் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழிவிடுகிறது. 'நான் குண்டு இல்லையே' என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

செவிலிமேட்டில் என்ன மாறியது?

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில், பாலாற்றைத் தொடுவதற்கு முன் வருகிறது செவிலிமேடு. முன்பு பேரூராட்சி, இன்று காஞ்சிபுரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. இங்குள்ள சாலைக்கிணற்றிலிருந்து ராமானுஜர் தினமும் தீர்த்தம் சுமந்துபோய் வரதராஜப் பெருமாளுக்குச் சமர்ப்பித்தார் என்பது வைணவ மரபு. கோயில் இருப்பது சின்ன காஞ்சிபுரத்தில். தலையிலோ தோளிலோ குடத்தோடு போய் வரும் தூரம் சில கிலோமீட்டர். இன்று அதே தூரத்துக்கு வண்டிச் சாவியைத் தேடாதவர்கள் குறைவு.

பட்டுத் தொழிலும் அப்படித்தான். குழித்தறியில் உட்காருகிற நெசவாளிக்குக் கால் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கும், கை நாடாவை ஓட்டும், ஆனால் இடுப்பு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கும். அதைச் சுற்றியிருந்த வேலைகள்தாம் உடம்பை எழுப்பி நடக்க வைத்தன. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் நடந்து நடந்து இழையைச் சரிசெய்வது அதில் ஒன்று. நெசவை விட்டுவிட்டுப் பட்டுக் கடையிலோ, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியிலோ, கம்ப்யூட்டர் முன்னாலோ வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நடையும் இல்லை. கம்பெனி பஸ் கிட்டத்தட்ட வாசலுக்கே வந்துவிடுகிறது.

பழைய நாளுக்கே திரும்பிப் போக வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அம்மி, ஆட்டுக்கல், குடம் சுமப்பது எல்லாம் பெண்களின் முதுகை ஒடித்த வேலைகள். மிக்ஸியும் கிரைண்டரும் வந்தது நல்லதுதான். ஆனால் அந்த வேலையோடு சேர்ந்து போன அசைவுக்குப் பதிலாக வேறொன்றும் வரவில்லை.

உட்கார்ந்தால் பசி குறையாதா?

'வேலை குறைஞ்சா பசியும் குறையும்ல?' என்று கேட்கலாம். இதற்கான பதில் 1956இலேயே இந்தியாவிலிருந்து கிடைத்துவிட்டது. மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையில் வேலை செய்தவர்களை ழான் மேயர் என்ற ஊட்டச்சத்து விஞ்ஞானியும் அவருடைய இந்தியச் சகாக்களும் ஆராய்ந்தார்கள். கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர், மேற்பார்வையாளர், குமாஸ்தா, நெசவாளி, கரி சுமப்பவர் என 213 பேர்.

வேலை கடினமாக ஆக, சாப்பாடும் கூடியது; எடை கூடவில்லை. இது எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் மறுமுனையில் இருந்தது. அசையவே அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகச் சாப்பிடவில்லை; அதிகமாகச் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்கே அதிகம். ஒரு குறைந்தபட்ச அசைவுக்குக் கீழே போனால், 'போதும்' என்று சொல்லும் பசியின் கணக்கே குழம்பிவிடுகிறது.

நடந்தால் எடை குறையுமா?

நேர்மையான பதில்: கொஞ்சம்தான் குறையும், அதுவும் மெதுவாக. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் சற்று வேகமாக நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். நடை முடிந்து திரும்பும்போது ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் அந்தக் கணக்கு முடிந்தது. எடை நன்றாக இறங்க வேண்டுமானால் தட்டில் சோறும் எண்ணெயும் இனிப்பும் குறைந்தாக வேண்டும். ஒரு மாதம் நடந்துவிட்டு, 'எடை மெஷின்ல முள்ளே நகரலை' என்று பலர் கைவிடுவதற்குக் காரணம் இதுதான்.

கைவிடாதீர்கள். எடை மெஷின் காட்டாத ஒன்று உள்ளே நடக்கிறது. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்குச் சான்று. சர்க்கரை நோயின் வாசலில் நின்றுகொண்டிருந்த 531 பேர் இதில் பங்கெடுத்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு மூன்றே ஆண்டில் சர்க்கரை நோய் வந்தது. உணவில் மாற்றமும் தினமும் அரை மணி நேர நடை போன்ற உழைப்பும் சேர்ந்த குழுவில் அது 39.3 சதவீதம். இத்தனைக்கும் அந்தக் குழுவினரின் எடையில் சொல்லும்படியான குறைவு இல்லை! எடை அப்படியே இருந்தாலும், அசைகிற தசை ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு அசைய வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சியும் வேண்டும். பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம். அதனால் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்க வேண்டாம்.

தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியையும் அந்த வழிகாட்டி எடுத்துவிட்டது. மூன்று நிமிடம் மாடிப்படி ஏறினாலும் கணக்கில் சேரும்.

'பத்தாயிரம் அடி' என்பதும் கட்டாயம் இல்லை. 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. 60 வயது தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிகளிலேயே ஆயுள் சார்ந்த பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது என்று 2022இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது.

உடற்பயிற்சி என்று பெயர் வைக்காத அசைவுக்கும் பலன் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவைன் குழுவினர், ஒல்லியான பத்துப் பேரையும் சற்றுப் பருமனான பத்துப் பேரையும் சென்சார் கட்டிக் கவனித்தார்கள். பருமனானவர்கள் தினமும் சராசரியாக இரண்டு மணி நேரம் அதிகம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் மற்றவர்களைப் போல எழுந்து நடமாடினால் நாளுக்குச் சுமார் 350 கலோரி கூடுதலாகச் செலவாகும் என்று 2005இல் கணக்கிட்டார்கள். அரை மணி நேர நடையைப் போல இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

என்னென்ன செய்யலாம்?

• தறியில் இருப்பவர்கள்: அரை மணிக்கு ஒருமுறை குழியிலிருந்து எழுந்து வாசல் வரை போய் வாருங்கள். தண்ணீர்ச் சொம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்காதீர்கள். எழுந்து போய்க் குடியுங்கள்.

• கடையில் இருப்பவர்கள்: போன் வந்தால் எழுந்து நின்று, நடந்துகொண்டே பேசுங்கள்.

• கம்பெனி பஸ்ஸில் போகிறவர்கள்: பகல் ஷிப்டாக இருந்தால் ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடங்கள்.

• வீட்டில் இருப்பவர்கள்: ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் ரேஷன் கடை, காய்கறிக் கடை, கோயிலுக்கு வண்டி எடுப்பதில்லை என்று முடிவு செய்யுங்கள். பையில் இரண்டு கிலோ காய் இருந்தால் அது கைக்கும் பயிற்சி.

• எல்லோரும்: சாப்பிட்டவுடன் பத்து நிமிடம் நடங்கள். நியூசிலாந்தில் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ஒரே தடவையாக 30 நிமிடம் நடப்பதைவிட ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாகக் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததில்தான் பலன் அதிகம்.

பெண்கள் ஏன் பின்தங்குகிறார்கள்?

லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியர்களில் பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். 2000ஆம் ஆண்டில் மொத்தமாகவே 22 சதவீதம்தான்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. காலையில் டிபன், மதியத்துக்கு டப்பா, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்புவது என்று ஓடுகிற பெண்ணுக்கு நடைக்கென்று தனி நேரம் எங்கே? விடியலிலோ இருட்டிய பிறகோ போகலாம் என்றால் தெருவிளக்கு, நாய், வேகமாக வரும் லாரி, நடைபாதை இல்லாத ரோடு என்று தயங்க நூறு காரணம். வீட்டில் இருக்கும் ஆண்கள் அரை மணி நேரம் அடுப்படியை ஏற்றுக்கொண்டால் அந்த நேரம் கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து போனால் பயமும் குறையும்.

மற்றது அரசின் பொறுப்பு. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம், 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைபாதையை அடையாளம் காட்டியது. நல்ல தொடக்கம். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை இருந்தால் அதற்கு வண்டியில்தான் போய்ச் சேர வேண்டியிருக்கும். வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் பயமில்லாமல் நடக்க முடிவதுதான் தினசரி நடை. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் ரோடு கேட்கும்போது நடைபாதையும் விளக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

நடக்கும்போது நெஞ்சு அடைப்பது, மூச்சு முட்டுவது, தலைசுற்றுவது இருந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்களும் சில சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது, சர்க்கரை தாழ்ந்துவிடலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடப்பதைத் தவிர்க்க வேண்டும், கிரிவலத்துக்கும் இது பொருந்தும். மூட்டு வலி உள்ளவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்கலாம். கோடையில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வரும்போது பி.பி., சர்க்கரை இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்ரா பௌர்ணமியன்று வரதராஜப் பெருமாள் செவிலிமேடு வழியாக ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளும்போது, வயது பார்க்காமல் ஊரே கூட நடக்கிறது. நடக்கத் தெம்பு இல்லாத ஊர் இல்லை இது. வருஷத்துக்கு ஒருநாள் நடப்பதில் ஒரு சிறு பங்கைத் தினமும் நடந்தால் போதும். இன்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் டிவி முன்னால் உட்காராமல், தெருக்கோடி வரை போய்விட்டு வாருங்கள்.