ஓடும் வீட்டில் ஒரு டி.வி.!

ராத்திரி ஒன்பதரை மணி. கிருஷ்ணகிரி டேம் பக்கம் ஒரு வேன் நிற்கிறது. உள்ளே கும்மிருட்டு. வெளியே மாமா பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் பேட்டரியை முறைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளேயிருந்து அத்தையின் குரல்:

"ஏங்க... இன்னும் ஒரு பத்து நிமிஷம் தாங்கியிருந்தா படம் முடிஞ்சிருக்குமே!"

சாவியைத் திருப்பினால் 'டிக்... டிக்' என்று பல்லி மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். பேட்டரியில் இருந்த உயிரையெல்லாம் டி.வி. குடித்துவிட்டது.

கடைசியில் காப்பாற்றியவர் ஒரு லாரி டிரைவர். லாரியில் இரண்டு பேட்டரி சேர்த்து 24 வோல்ட், வேனில் 12. இரண்டையும் அப்படியே கோத்தால் வேனுக்குச் சங்குதான். மனுஷர் விவரமானவர். தன் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி விட்டுவிட்டு, "வீட்ல பார்க்க வேண்டிய டி.வி.யை ஏன் சார் ரோட்ல பார்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இதுதாம்ப்பா எங்க வீடு!" என்றார் மாமா, போகிற லாரியைப் பார்த்து.

மாமா பொய் சொல்லவில்லை. ஓசூர் ஃபேக்டரி ஒன்றில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்துவிட்டு ரிடையர் ஆனவர். கூட வேலை பார்த்தவர்களெல்லாம் பணம் வந்த கையோடு பாகலூர் ரோடு பக்கம் மனை பார்த்தார்கள். இவர் மட்டும் செகண்ட் ஹாண்டில் ஒரு வேன் வாங்கினார். உள்ளே ரெண்டு பேர் படுக்கக் கட்டில், அடுப்பு மேடை, குட்டி வாஷ்பேசின், தலைக்கு மேல் ஃபேன். சினிமாக்காரர்கள் புண்ணியத்தில் நமக்கெல்லாம் 'கேரவன்' என்றாலே ஹீரோயின் மேக்கப் போடுகிற இடம். "ஏன், அதுல எங்க அம்மணி ஏறக்கூடாதா?" என்பது மாமாவின் கட்சி. கேரளாவில் 2021-ல் அரசாங்கமே 'கேரவன் கேரளா' என்று திட்டம் போட்டுச் சுற்றுலாப் பயணிகளைக் கூப்பிட்டது. மாமா அதைப் பேப்பரில் படித்த நாள் முதல் பிடித்த பைத்தியம் இது.

(இப்படி மாற்றிக் கட்டின வண்டி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி.யில் அது ஏறியிருக்க வேண்டும். மாமா அதை மட்டும் முதல் காரியமாகப் பார்த்துவிட்டார். பார்க்காமல் விட்டது டி.வி.யை!)

வேனோடு வந்த டி.வி. அது. 2006-லிருந்து தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தார்களே, அந்த 14 இஞ்ச் கலர் டி.வி. சைஸ். பழைய டியூப் மாடல். முதுகுப்பக்கம் பானை வயிறு. கட்டிலுக்கு எதிரே ஒரு பலகையில் உட்கார்த்தி நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பத்து கிலோவுக்குக் குறையாது. ஒரு தடவை சூளகிரி தாண்டி மாடு குறுக்கே வந்து மாமா பிரேக் போட, கயிறு முனகிய முனகலில் அத்தை கந்தசஷ்டி கவசத்தையே ஆரம்பித்துவிட்டார்.

அதைவிட வேடிக்கை, வண்டி திரும்பினால் டி.வி. நிறம் மாறும். நேர் ரோட்டில் சிவப்பாக இருந்த ஹீரோயினுக்கு ஒரு வளைவு திரும்பியதும் ஒரு கன்னத்தில் லேசாகப் பச்சை! "படம் சரியில்ல, மேக்கப்மேன் சரியில்ல" என்று அத்தை திட்டிக்கொண்டிருந்தார். பாவம் மேக்கப்மேன். குற்றவாளி பூமி! கலர் பிக்சர் டியூப்புக்குள் எலெக்ட்ரான் கற்றைகள் பறந்து வந்து சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளில் சரியாக விழ வேண்டும். பூமியின் காந்தம் அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கித் தள்ளும். வீட்டு டி.வி. ஒரே திசை பார்த்து உட்கார்ந்திருப்பதால் தெரிவதில்லை. வேனில் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. டி.வி.யை ஆன் பண்ணும்போது 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வருமே, அது இந்தக் காந்தக் கறையைத் துடைக்கிற காயில். அதுவும் போடும்போது ஒரு தரம்தான். அந்த ஒரு நொடியில் அது இழுக்கிற கரண்ட்டுக்கு மாமாவின் மலிவு விலை இன்வெர்ட்டர் 'கீ...' என்று அலறும்.

'ஏன், அந்தக் காலத்து வீடியோ கோச் பஸ்ஸில் இதே டியூப் டி.வி. ஓடலையா?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மெட்ராஸ்-பெங்களூர் ராத்திரி பஸ்ஸில் டிரைவர் முதுகுக்குப் பின்னால், இரும்புக் கூண்டில் பூட்டி வைத்த டி.வி.யை எத்தனை தரம் அண்ணாந்து பார்த்திருப்போம்! கேசட் தேய்ந்து படம் முழுக்க மழை பெய்யும். பின் சீட்டுக்கு வசனம் கேட்காது. நல்ல கட்டம் வரும்போது கிருஷ்ணகிரி வந்து, "பத்து நிமிஷம் டிபன், டீ..." என்று விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

ஆனால் அதற்கும் இதற்கும் ஒரு அடிப்படை வித்தியாசம். பஸ்ஸில் டி.வி. ஓடும்போது இன்ஜினும் ஓடுகிறது. செலவாகிற கரண்ட்டை ஆல்டர்னேட்டர் உடனே திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கும். மாமா மாதிரி ஆசாமிகள் டி.வி. பார்ப்பது வண்டியை நிறுத்திய பிறகு. அப்போது வரவு கிடையாது, செலவு மட்டும்தான். ரிடையரான குடும்பம் மாதிரி!

டேம் சம்பவத்துக்கு மறுநாள் அத்தை அறிவித்துவிட்டார்: "புது டி.வி. வந்தா நானும் கன்யாகுமரி வர்றேன். இல்லேன்னா நீங்களும் அந்த டப்பாவும் போய்ட்டு வாங்க."

மகள் பெங்களூரிலிருந்து போன் பண்ணி "32 இஞ்ச் ஸ்மார்ட் டி.வி. வாங்கிடுப்பா" என்றாள். மாமா இஞ்ச் டேப்பை எடுத்தார். கட்டிலுக்கும் பலகைக்கும் நடுவே நாலரை அடி. "24 போதும். இதுக்கு மேல போனா அந்த சீரியல் மாமியார் நம்ம மடியிலேயே உட்கார்ந்துடுவா."

வேலைக்கு வந்தவர் ஓசூரில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. வயசு முப்பதுக்குள் இருக்கும். நம்மிடம் தமிழ், உதவிப் பையனிடம் தெலுங்கு, போனில் கன்னடம் என்று மூன்றையும் மூச்சு விடாமல் மாற்றிப் பேசுகிற அசல் ஓசூர்க்காரர். டி.வி.யை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பலகைக்குப் பின்னால் கையை விட்டார்.

"சார், டி.வி. மாத்தறது பத்து நிமிஷ வேலை. ஒயர் மாத்தறதுதான் ரெண்டு நாள் வேலை."

"ஒயர் நல்லாத்தானே இருக்கு?" என்றார் மாமா.

தம்பி பதில் சொல்லாமல் பிளைவுட்டைக் கழற்றிக் காட்டினார். அந்த நிமிஷம் எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு நின்றுபோனது. பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு வந்த ஒயர், வீட்டு பல்புக்குப் போடுகிற மெல்லிய ஒயர். ஓர் இடத்தில் இரும்பு விளிம்பில் உரசி உரசி மேல்தோல் வழன்று, பக்கத்துப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல். நடுவில் ஃபியூஸ்? மருந்துக்குக் கூட இல்லை. அதற்கு நேர் மேலேதான் லீவுக்கு வந்தால் பேரன் படுப்பான். 'பிளாஸ்டிக் வாசனை வருதே' என்று அத்தை ரெண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்ததும், 'அது சிப்காட்லேர்ந்து வர்றது' என்று மாமா தள்ளிவிட்டதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மாமா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

தம்பி சொன்ன கணக்கை அப்படியே தருகிறேன். வேன் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டுமில்லை, டூரிஸ்ட் வண்டியில் டி.வி. மாட்ட நினைக்கிற எவருக்கும் உதவும்.

பழைய டியூப் டி.வி. சுமார் 60 வாட். இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்கிற கமிஷனையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 6 ஆம்பியர் போகும். பேட்டரி முன்னால், டி.வி. பின்னால். போக வர 12 மீட்டர் ஒயர். ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 12 கிளம்பி 10.8 வந்து சேரும். காணாமல் போன வோல்ட் எங்கே போச்சு? ஒயரைச் சூடாக்கப் போச்சு! நாலு சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு கால் பங்காகிவிடும்.

புது 24 இஞ்ச் எல்.இ.டி. டி.வி.க்கு 25, 30 வாட் போதும். அதிலும் ஒரு சூட்சுமம். சில மாடல்களில் கரண்ட் நேரே 230 வோல்ட்டாக உள்ளே போகும். சிலவற்றில் லேப்டாப் மாதிரி வெளியே ஒரு அடாப்டர் டப்பா இருக்கும். அதன் முதுகில் '12 வோல்ட்' என்று போட்டிருந்தால் வேன்காரருக்கு யோகம். இன்வெர்ட்டரே தேவையில்லை. 19 வோல்ட் என்றால் ஏற்றிக் கொடுக்கிற கன்வெர்ட்டர் வேண்டும். அளவும் அழகும் பார்ப்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் அடாப்டரைக் காட்டச் சொல்லணும். மாமா அப்படிக் கேட்டபோது ஷோரூம் பையன், "எல்லாரும் ரிமோட்டைத்தான் சார் கேப்பாங்க" என்று விழித்தான்.

12 வோல்ட் டி.வி. என்றாலும் பேட்டரியில் அப்படியே சொருகிவிடக் கூடாது. பேருக்குத்தான் 12. இன்ஜின் ஓடும்போது பதினாலரை வரை ஏறும், செல்ஃப் அடிக்கும்போது பத்துக்குக் கீழேகூட இறங்கும். இந்த ஊஞ்சலைத் தாங்க நடுவில் ஒரு ஸ்டெபிலைசர் மாதிரி டி.சி. கன்வெர்ட்டர். பேட்டரி முனையை விட்டு ஒரு ஜாண் தூரத்துக்குள் ஃபியூஸ். ஃபியூஸை டி.வி. பக்கத்தில் வைத்துப் பிரயோஜனமில்லை. நடுவழியில் ஒயர் உரசினால் யார் காப்பாற்றுவது?

எல்லாவற்றுக்கும் மேல், வண்டிக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்கு ஒரு பேட்டரி. இன்ஜின் ஓடும்போது ஒரு ரிலே இரண்டையும் சேர்த்து சார்ஜ் பண்ணும். இன்ஜினை நிறுத்தினால் பிரித்துவிடும். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றைப் பாதி வரைதான் இறக்குவது என்று வைத்துக்கொண்டால், பழைய டி.வி. 8 மணி நேரம், புதுசு 20 மணி நேரம் ஓடும். "இருபது மணி நேரமா?" என்று மாமா தலையில் கை வைத்தார். அத்தை முதல் முறையாகத் தம்பிக்கு டிகாக்ஷன் காபி போட்டுக் கொடுத்தார்.

டி.வி.யைச் சுவரில் மாட்டியது நிஜமாகவே பத்து நிமிஷம்தான். மடங்குகிற கைப்பிடியில் பூட்டு வைத்த ஸ்டாண்ட், வண்டி ஓடும்போது பூட்டிவிட வேண்டும். டிரைவர் சீட்டிலிருந்து திரை தெரியாத கோணம். ஸ்க்ரூ நீளம் பார்த்துப் போடணும். நீளமாகப் போனால் பேனலைக் குத்திவிடும்.

டி.வி. வந்தாச்சு, படம்? மாமா மொட்டைமாடி ஆன்டெனா காலத்து மனுஷர். 1981-ல் பெங்களூர் தூர்தர்ஷன் வந்தபோது ஓசூர் ஆன்டெனாக்கள் வடமேற்கே திரும்பியதைக் கதை கதையாகச் சொல்வார். இன்று அந்தக் கம்பிக்கு வேலையில்லை. தூர்தர்ஷனின் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் 2022-க்குள் அநேகமாக எல்லாமே நிறுத்தப்பட்டுவிட்டன. மாசச் சந்தா இல்லாத டி.டி. ஃப்ரீ டிஷ் இருக்கிறது. நிறுத்துகிற இடத்திலெல்லாம் தட்டை எடுத்து வைத்து, ஓசூர்ப் பக்கமென்றால் தென்கிழக்கே நன்றாக அண்ணாந்து பார்க்க வைக்கணும். மரம் மறைத்தால் அம்பேல். மாமாவுக்கு இதில் தனி சந்தோஷம். திசைகாட்டியோடு வேனைச் சுற்றி வந்து, "இப்ப வருதா? இப்ப?" என்று கத்துவார். அத்தையோ போனிலிருந்து நெட்டைக் கொடுத்து சீரியலைப் போட்டுவிட்டு, உள்ளேயிருந்து "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்பார். தட்டால் வந்ததென்று மாமா இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார். நான் காட்டிக்கொடுக்கப் போவதில்லை.

மிச்சமிருந்தது பழைய டி.வி. பழைய இரும்புக்காரர் வந்தார். புரட்டிப் பார்த்தார். "இது வேணாம் சார். அந்தப் பழைய பேட்டரியைக் குடுங்க, நல்ல விலை தர்றேன்!"

இன்னொருவர் வாங்கிக்கொள்ளத் தயார்தான். ஆனால் கண்ணாடியை உடைத்து உள்ளே இருக்கிற செம்புக் கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஏரிக்கரையில் கொட்டுவாராம். தம்பிதான் தடுத்தார். கலர் டியூப்பின் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உள்ளே வெற்றிடம் வேறு. உடைத்தால் சில்லு தெறிக்கும். ஆஃப் பண்ணின பிறகும் டியூப்பில் உயர் வோல்டேஜ் தங்கியிருக்கும், வீட்டில் யாரும் பின்மூடியைக் கழற்றக் கூடாது. இந்த மாதிரிச் சாமான்களுக்கென்று 2012 மே முதலே மின்கழிவு விதிகள் அமலில் இருக்கின்றன. அனுமதி பெற்ற சேகரிப்பு மையத்தில் கொடுப்பதுதான் முறை.

மகள் விசாரித்து பெங்களூரில் ஓர் இடம் சொன்னாள். கொண்டு போக வண்டி? வேன்தான்! அதே பலகையில் அதே நைலான் கயிற்றால் கட்டி, அத்திப்பள்ளி வழியாகக் கிளம்பினோம். பக்கத்தில் புது டி.வி. பூட்டோடு ஜம்மென்று இருந்தது.

சூசூவாடி தாண்டியிருப்போம். அத்தை பழைய டி.வி.யையே பார்த்துக்கொண்டு வந்தவர், மெதுவாக என் பக்கம் குனிந்தார்:

"டேய், அந்தப் பத்து நிமிஷம் பாக்கி இருக்குடா. ஒரே ஒரு தடவை இதுல போட்டுப் பாப்போமா?"