ஆண்டுக் கணக்கும் அடுப்படிச் சிக்கனமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. ‘இருக்கிறவன் மிச்சம் பிடிக்கலாம்; இல்லாதவன் எதைப் பிடிப்பது?’ என்று கேட்டுவிட்டு நண்பர்கள் தேநீர்க் கடைப் பக்கம் நடந்துவிடுகிறார்கள். கேள்வி நியாயமானதே. நானும் அப்படிக் கேட்டவள்தான். என் தந்தையார் கொத்தனார் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 2024 பொங்கல் முதல் 2025 பொங்கல் வரை ஓராண்டுக் காலம், எங்கள் வீட்டுக்கென ஐந்து குறிக்கோள்களை ஒரு நோட்டில் எழுதி வைத்து, மாதந்தோறும் சரிபார்த்து வந்தேன். அதில் கற்றதையும், நான் செய்த பிழை ஒன்றையும் இங்கே எழுதுகிறேன்.

மாதக் கணக்கா, ஆண்டுக் கணக்கா?

குடும்ப வரவு செலவுத் திட்டம் என்றால் அது மாதத் திட்டம் என்றே எல்லோரும் எண்ணுகிறோம். ஜப்பானில் ஹனி மோட்டோகோ என்னும் பெண் பத்திரிகையாளர் 1904ஆம் ஆண்டிலேயே குடும்பத் தலைவியருக்காக ஒரு வீட்டுக் கணக்கேட்டை அச்சிட்டு வெளியிட்டார். ‘ககேய்போ’ என்று அந்நாட்டார் சொல்லும் அவ்வழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது. மாதத் தொடக்கத்தில் வரவைப் பார்த்து, இவ்வளவு மிச்சம் பிடிப்பது என்று முடிவு செய்து, மாத இறுதியில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் முறை. மிக நல்ல முறை. ஆனால் முதல் தேதியில் சம்பளம் வரும் வீட்டிற்குத்தான் அது அப்படியே பொருந்தும் என்பது என் எண்ணம்.

கொத்தனார் வீட்டில் முதல் தேதி என்று ஒன்று கிடையாது. தை பிறந்தால் வேலை வரும். பங்குனி, சித்திரையில் வெயில் கொளுத்தினாலும் கையில் காசு இருக்கும். ஆடியில் எவரும் புது வீடு தொடங்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. சாந்து குழைக்க முடியாது. மார்கழியில் மறுபடியும் மனை போடுவதில்லை. முதலாமாண்டில் நான் ஆர்வத்தோடு மாதக் கணக்கு எழுதத் தொடங்கினேன். அதைப் பார்த்தால் நாங்கள் தையில் உத்தமர்கள் போலவும் கார்த்திகையில் ஊதாரிகள் போலவும் தெரிந்தது! உண்மையில் இரண்டு மாதமும் அதே சோறு, அதே குழம்புதான்.

ஆகவே, கூலி வேலை செய்யும் குடும்பத்திற்கு ஆண்டே சரியான அளவுகோல் என்று கொண்டேன். குறிக்கோள் ஆண்டுக்கு, பார்வையிடுவது மட்டும் மாதத்துக்கு. வருவாய் வரும் வழி சிறிதானாலும் செலவு போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்று வள்ளுவர் சொன்னதை மேடைதோறும் கேட்கிறோம். அக்குறள் இல்லறப் பகுதியில் இல்லை. பொருட்பாலில், ‘வலியறிதல்’ என்ற அதிகாரத்தில், அரசனுக்குச் சொன்னதாக இருக்கிறது. அரசனுக்கே அப்படியென்றால் எங்கள் வீட்டுக்குக் கேட்கவும் வேண்டுமா?

ரூபாயை எண்ணாதீர்கள்

நோட்டில் நான் எழுதிய ஐந்தும் இவை: ஆண்டுக்கு ஒன்பது எரிவாயு சிலிண்டர் ஆனதை ஏழாகக் குறைப்பது, இரண்டு மாத மின் அளவு 200 யூனிட்டைத் தாண்டாதது, மாதக் கடைசியில் மளிகைக் கடையில் பற்று இல்லாதிருப்பது, அம்மாவின் தோட்டை அடகிலிருந்து மீட்பது, கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையில் நான் வாரம் ஒருநாள் மட்டுமே வாங்கித் தின்பது. (ஐந்தாவதைப் பற்றி என் தோழியரைக் கேட்காதீர்கள்.)

முதல் இரண்டையும் நான் ரூபாயில் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காரணம் உண்டு. 2024 மார்ச்சில் வீட்டுச் சிலிண்டரின் விலை 100 ரூபாய் குறைந்தது. ரூபாயில் எழுதியிருந்தால் நாங்கள் ஒன்றுமே செய்யாமல் ‘சிக்கனம்’ செய்துவிட்டதாகக் கணக்கு காட்டியிருக்கும். அதே ஆண்டு ஜூலையில் தமிழகத்தில் மின்கட்டணம் உயர்ந்தது. அப்போது ஒரு விளக்கு கூட அதிகம் எரிக்காமல் நாங்கள் தோற்றவர்களாகியிருப்போம். விலை நம் கையில் இல்லை. எத்தனை சிலிண்டர், எத்தனை யூனிட் என்பதே நம் கையில் இருக்கிறது.

இப்படி எண்ணுவதை நான் கண்டுபிடித்ததாகப் பெருமை பேச முடியாது. சிலிண்டர் மாட்டிய நாளை அம்மா காலண்டரில் வட்டமிடுவார். பால் கணக்குக்குச் சமையலறைச் சுவரில் கரிக்கோடு போடுவார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர் அவர். நான் செய்ததெல்லாம் அந்தக் கோடுகளை ஒரு நோட்டுக்குக் கொண்டுவந்ததுதான்.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் இளமையில் இதுபோன்ற ஒரு சிறு ஏடு வைத்திருந்தார். பதின்மூன்று நற்குணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், வாரத்தின் ஏழு நாளுக்கும் கட்டம், தவறிய நாளில் ஒரு கரும்புள்ளி. வாரம் ஒரு குணமாக 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டில் நான்கு சுற்று. சிக்கனமும் அப்பதின்மூன்றில் ஒன்று. பொருள்களை ஒழுங்காக வைக்கும் பழக்கம் மட்டும் தமக்குக் கடைசிவரை பிடிபடவில்லை என்று தன்வரலாற்றில் அவர் ஒப்புக்கொள்வது எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. காந்தியடிகளும் இலண்டனில் மாணவராயிருந்தபோது ஒவ்வொரு காசுக்கும் கணக்கெழுதி, இரவில் படுக்குமுன் இருப்பைச் சரிபார்த்திருக்கிறார். அவர் வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்த எட்டு, பத்து மைல் நடந்தார். ஆனால் ஒன்று: அவர் நடந்தது அவருடைய கால்களால். இதை நான் பின்னால்தான் எண்ணிப் பார்த்தேன்.

அடுப்படியில் இயற்பியல்

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 75 வாட் மின்விசிறி நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். 60 நாளில் 90 யூனிட். ஆளில்லாத அறையில் ஓடுவதை நிறுத்தியதே எங்களுக்குப் போதுமானதாயிற்று. ஆறு கணக்கெடுப்பில் ஐந்தில் வென்றோம். அக்கினி நட்சத்திரத்தில் மட்டும், வெயிலில் நின்றுவிட்டு வந்த அப்பாவின் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

எரிவாயுவில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 294 கிலோ ஜூல் வெப்பம் போதும். அதே ஒரு லிட்டரை முழுவதும் ஆவியாக்க 2260 கிலோ ஜூல் வேண்டும். இதையே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று வகுப்பில் படிக்கிறோம். ஏழு மடங்குக்கும் மேல்! திறந்த பானையில் கொதிவந்த பிறகு தீயை ஏற்றினால் உலை மேலும் சூடாவதில்லை. 100 டிகிரியிலேயே நிற்கும். அதிகப்படி வாயு முழுவதும் ஆவியாகிக் கூரைக்குப் போகிறது. அரிசி அதனால் விரைவில் வேகப் போவதில்லை. ஆகவே கொதிக்கும் வரை பெருந்தீ, கொதித்தபின் சிறுதீ, எப்போதும் மூடி என்று அம்மாவிடம் சொன்னேன். பருப்பையும் கொண்டைக்கடலையையும் முன்கூட்டி ஊறவைத்தோம். குக்கரில் விசில் வந்ததும் தீயைத் தணித்தோம். 40 நாள் வந்த சிலிண்டர் 46 நாள் வந்தது. ஏழில் முடிக்க 52 நாள் வர வேண்டும்.

ஆடி மாதம் மாட்டிய சிலிண்டர் 61 நாள் வந்தது. நான் நோட்டில் சிவப்பு மையால் நட்சத்திரம் போட்டேன். என் இயற்பியலுக்குக் கிடைத்த வெற்றி என்றே எண்ணினேன்.

அடுத்த சிலிண்டரும் மெதுவாகவே போய்க்கொண்டிருந்தது. புரட்டாசியில் ஒருநாள் பிற்பகல் வகுப்பு இல்லாமல் நண்பகலிலேயே வீடு திரும்பினேன். கொல்லைப்புறத்தில் மூன்று கல் கூட்டி, சவுக்கு மிலாறும் பனைமட்டையும் எரித்து அம்மா சோறு பொங்கிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. ஆடியிலிருந்தே அவருக்கு இருமல். தூசியால் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

“என்னம்மா இது?” என்றேன்.

“நீதான் ஏழுன்னு எழுதி வச்சிருக்கியே பாப்பா. எட்டாவது வந்தா உனக்கு மனசு கஷ்டமாயிடுமேன்னுதான்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தேன். நட்சத்திரம் அப்படியே மின்னிக்கொண்டிருந்தது. எண் சரிதான், தவறு என் கணக்கில். விறகுப் புகையிலும் நுண்துகளிலும் நுரையீரலுக்கு ஏற்படும் கேட்டுக்கு என் நோட்டில் கட்டமே இல்லை. சிலிண்டர் குறைந்தது வீட்டின் செலவில் அன்று, அம்மாவின் மூச்சில்.

ஒரு வீட்டில் குறிக்கோள் எழுதுகிறவர் ஒருவர், அதை நிறைவேற்றுகிறவர் இன்னொருவர் என்று இருந்தால் இப்படித்தான் ஆகும். எல்லாரும் ஒரே தட்டில் உண்ணும் வீட்டிலும், யார் வாய் திறக்க மாட்டாரோ அவர் தலையில்தான் குறைப்பு இறங்குகிறது. தம்பியின் முட்டையை நிறுத்தினால் அவன் கூச்சல் போடுவான். அம்மாவின் பங்கு குறைந்தால் சத்தமே வராது. சிக்கனத்தையும் கருமித்தனத்தையும் பிரித்துக் காட்டப் பட்டிமன்றங்களில் எத்தனையோ பேசுகிறோம். எனக்குத் தெரிந்த வேறுபாடு, மிச்சமானது யாருடையது என்று கேட்டால் பதில் சொல்ல முடிகிறதா என்பதே.

அன்று மாலையே கொல்லைக் கற்களைத் தள்ளிவிட்டேன். நோட்டில் ஒவ்வொரு குறிக்கோளுக்கும் எதிரே ‘எப்படிக் குறைந்தது? யாருக்குக் குறைந்தது?’ என்று இரண்டு கட்டம் சேர்த்தேன். பின் அட்டையில் குறைக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல்: அம்மாவுக்கும் சேர்த்துப் பால், தம்பிக்கு முட்டை, மருந்து, என் பாடநூல். மாதம் ஒருமுறை நோட்டை நான் மட்டும் பார்க்காமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். அம்மாவின் இருமல் ஐப்பசி நடுவில் நின்றது.

ஆண்டு முடிவில்

சிலிண்டர் எட்டில் முடிந்தது. மளிகைப் பற்று பன்னிரண்டு மாதத்தில் பத்து மாதம் இல்லை. தோடு மட்டும் வரவில்லை.

அதையும் சொல்ல வேண்டும். 2023 கார்த்திகை மழையில் வேலை இல்லாதபோது 20,000 ரூபாய்க்கு வைத்தது அது. மாதம் ‘இரண்டு வட்டி’ என்று சொல்லும்போது அற்பமாகத் தெரிகிறது. நூற்றுக்கு மாதம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 24. அசல் ஒரு காசும் குறையாமல் 4,800 ரூபாய் வட்டிக்கே போய்விடும். தையிலிருந்து ஆனி வரை அப்பாவின் கூலியில் ஒதுக்கியதும், புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு வந்த ஆயிரத்தில் மாதம் ஐந்நூறுமாக அசலில் 11,000 கட்டினோம். ஆடிக்குப் பிறகு கட்ட முடியவில்லை. நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்கள் விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானதை இக்கல்லூரியில் எவரும் மறந்திருக்க முடியாது. அதன்பின் மூன்று வாரம் அப்பா கரணையைத் தொடவில்லை. எனினும் அந்த மழையில் நாங்கள் வேறெதையும் அடகு வைக்கவில்லை. முந்தைய கார்த்திகையோடு ஒப்பிட்டுச் சொல்ல ஆண்டுக் கணக்கு இருந்ததால்தான் அது எனக்கு வெற்றி என்றே தெரிந்தது.

2025 பொங்கலன்று புதிய பக்கம் திறந்தேன். சிலிண்டர் எட்டு என்றே எழுதினேன். தோட்டுக்கு மீதி 9,000. வட்டி மாதம் 180 ஆகக் குறைந்திருக்கிறது. வைகாசிக்குள் முடிக்கலாம் என்பது அப்பாவின் கணக்கு. இம்முறை ஒவ்வொருவரும் ஒரு குறிக்கோள் சொல்ல வேண்டும் என்றேன். தம்பி பென்சிலைத் தொலைக்காதிருப்பதாகச் சொன்னான். அம்மா வெகுநேரம் யோசித்துவிட்டு, “அப்பாவுக்கு ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கணும், எழுது” என்றார். எழுதிக்கொண்டேன்.